வானிலை ரேடார் படத்தில் மழையையும் காற்றையும் படிப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை ரேடார் படம் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வராத நாள் குறைவு. படத்தில் சிவப்பு தெரிந்தால் பெருமழை வருகிறது என்றும், நம் ஊரின் மேல் நிறமே இல்லாவிட்டால் மழைக்கு வாய்ப்பில்லை என்றும் பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டுமே பிழையாகக்கூடிய முடிவுகள். ரேடார் தரையில் விழும் மழையை நேரடியாக அளப்பதில்லை. வானத்தில் ஏதோ ஓர் உயரத்தில் இருக்கும் துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் அளக்கிறது. அந்த உயரம் எது, அந்த நேரம் எது, அந்தத் துளிகளைக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகே நிறத்துக்குப் பொருள் வருகிறது. இவற்றில் மூன்றாவதற்கு விடை தருவது, துளிகளின் நகர்வை அளந்து காட்டும் டாப்ளர் காற்றுப் படம். பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள ஆதங்கம். ஆகவே இந்த வழிகாட்டியில் மழைப் படத்துக்கு வேண்டிய அளவும், காற்றுப் படத்துக்குச் சற்றுத் தாராளமாகவும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் படத்தின் ஓரத்தைப் படியுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் மேல் 2002 முதல் ஓர் எஸ் பேண்ட் டாப்ளர் ரேடாரை இயக்கி வருகிறது. தெற்கே காரைக்காலிலும் வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் அதே அலைவரிசை வகையைச் சேர்ந்த ரேடார்கள் உள்ளன. பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இருப்பது எக்ஸ் பேண்ட் வகை. எஸ் பேண்ட் அலையின் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், எக்ஸ் பேண்ட் அலையின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். இந்த வேறுபாட்டின் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

படத்தின் ஓரத்தில் நேரம் பெரும்பாலும் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும். 0900 யுடிசி என்று போட்டிருந்தால் அது நமக்குப் பிற்பகல் 2.30. இதைக் கவனிக்காமல் பழைய படத்தைப் புதியது என்று பகிர்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ரேடார் தட்டு ஒவ்வொரு கோணமாக உயர்ந்து வானம் முழுவதையும் சுற்றி வரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், புத்தம் புதிய படமும் ஓரளவு பழையதுதான்.

அடுத்து, படத்தின் வகையைப் பாருங்கள். மேக்ஸ் இசட் என்பது ஒவ்வொரு இடத்துக்கும் மேலே எல்லா உயரங்களிலும் கிடைத்த எதிரொலிகளில் மிக வலுவானதை எடுத்துக் காட்டுவது. பிபிஐ இசட் என்பது ஒரே ஒரு கோணத்தில் எடுத்த படம். எஸ்ஆர்ஐ மழையின் தீவிரத்தை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று மதிப்பிட்டுக் காட்டும். பிஏசி ஒரு காலப்பகுதியில் சேர்ந்த மழையை மதிப்பிடும். பிபிஐ வி என்பதுதான் காற்றின் படம்.

மேக்ஸ் இசட் படம் பார்வைக்கு எடுப்பாக இருப்பதால் அதுவே அதிகம் பகிரப்படுகிறது. ஆனால் அதில் தெரியும் சிவப்பு எட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சிவப்பாகவும் இருக்கலாம். கீழே ஒரு தூறல்கூட விழாமல் இருக்கலாம். இதைத் தீர்த்துக்கொள்ள, அதே படத்தின் மேற்புறத்திலும் வலப்புறத்திலும் உள்ள பட்டைகளைப் பாருங்கள். அவை மேகத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி உயர அளவோடு காட்டுபவை. நிறம் அடிமட்டம் வரை இறங்கியிருக்கிறதா, மேலேயே தொங்குகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். மே மாதத்தில் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் எழும் இடிமேகம் 15 கிலோமீட்டரைத் தாண்டி நிற்பதையும், நவம்பரில் கடலிலிருந்து வரும் மேகங்கள் பல வேளைகளில் அதில் பாதி உயரத்தைக்கூட எட்டாமலே கொட்டித் தீர்ப்பதையும் இந்தப் பட்டைகளில் பார்த்துப் பழகினால், உயரமான மேகமே பெருமழை தரும் என்ற எண்ணம் தானாக நீங்கும்.

நிறத்துக்குள் இருக்கும் எண்

நிறங்களுக்கு அருகில் உள்ள எண்கள் டிபிஇசட் என்ற அலகில் எதிரொலியின் வலிமையைச் சொல்கின்றன. எதிரொலி, துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்து வலுக்கிறது. அதாவது, 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளி, 1 மில்லிமீட்டர் துளிகள் 729 சேர்ந்து தரும் எதிரொலியைத் தனியாகத் தரும்; ஆனால் அதிலுள்ள நீரோ 27 சிறு துளிகளின் நீர்தான். ஆகவே பெரிய துளிகள் சிலவே இருந்தாலும் படம் சிவந்துவிடும். அளவான துளிகள் கோடிக்கணக்கில் விழுந்தாலோ படம் மஞ்சளோடு நின்றுவிடலாம். தரையில் வெள்ளம் ஓடும்.

இதை எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. 1948இல் மார்ஷலும் பால்மரும் தந்த சூத்திரத்தின்படி 30 டிபிஇசட் என்பது மணிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மழை, 40 என்பது 11 முதல் 12 மில்லிமீட்டர், 50 என்பது 50 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெப்பமண்டல மழைக்கென்று அமெரிக்க ரேடார்களில் பயன்படுத்தும் வேறொரு சூத்திரத்தில் அதே 40 டிபிஇசட் 21 மில்லிமீட்டருக்கு மேலும், 50 டிபிஇசட் 140 மில்லிமீட்டருக்கு மேலும் போகிறது. புயல் மழையிலும் கடலோரப் பருவமழையிலும் இரண்டாவது கணக்கே உண்மைக்கு நெருங்கி வரும். நவம்பர் மாதத்து 40 டிபிஇசட்டை மே மாதத்து 40 டிபிஇசட்டாக எண்ண வேண்டாம் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. எண் 55ஐத் தாண்டி 60ஐ நெருங்கினால் ஆலங்கட்டி கலந்திருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும்; அங்கே மழைக் கணக்கே பொருந்தாது.

தூரம் கூடக் கூடக் கதிர் உயரும்

ரேடார் கதிர் தரையோடு ஒட்டிச் செல்வதில்லை. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர், பூமியின் வளைவும் சேர்வதால், 50 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலும், 100 கிலோமீட்டரில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டருக்கு மேலும் இருக்கும். ஒரு டிகிரி அகலமுள்ள கதிர் 100 கிலோமீட்டரில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அளவுக்கு விரிந்தும்விடும்.

காரைக்காலிலிருந்து சென்னை ஏறத்தாழ 245 கிலோமீட்டர். அந்த ரேடாரின் கதிர் சென்னையைத் தொடும்போது ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். சென்னையின் மேல் நிற்கும் தாழ்வான பருவமழை மேகத்தின் தலைக்கு மேலேயே அது கடந்து போய்விடக்கூடும். எனவே காரைக்கால் படத்தில் சென்னை வெறுமையாக இருப்பதை வைத்து மழை இல்லை என்று சொல்ல முடியாது. இதேபோல், 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலைப் பார்க்கச் சென்னை ரேடாரைத் திறந்து பயனில்லை. வேதாரண்யம் அதற்கு 300 கிலோமீட்டர் தொலைவு. காரைக்காலுக்கோ 60 கிலோமீட்டர்தான். உங்கள் ஊர் எந்த ரேடாரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்குள் இருந்தால் படத்தை நம்பலாம், 150ஐத் தாண்டினால் பாதி நம்பலாம்.

தொலைவில் இன்னொரு மயக்கமும் உண்டு. நம் பகுதியில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் பனித்துகள்கள் உருகத் தொடங்கும். உருகும் துகளின் மேல் நீர் படிந்திருப்பதால் அது பெரிய துளி போல வலுவான எதிரொலி தரும். அந்த அடுக்கைக் கதிர் வெட்டும் தூரத்தில், மழை கூடாமலே நிறம் மட்டும் கூடும்.

மழையல்லாதவற்றைக் களைவது

கட்டடங்கள், மலைகள், கடல் அலைகள், பூச்சிக் கூட்டங்கள், பறவைகள் எல்லாமே எதிரொலி தரும். காற்று அசையாத இரவிலும் விடியலிலும் தரையருகே வெப்பநிலை தலைகீழாக அமைந்து கதிரைக் கீழ்நோக்கி வளைத்துவிடுவதால், தெளிந்த வானத்தில் மழை பெய்வது போன்ற படம் வரும். படங்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் இது நகராமல் ஒரே இடத்தில் மினுங்கும். காற்றுப் படத்தில் அதே இடத்தில் வேகம் சுழியமாக இருந்தால் ஐயமே வேண்டாம், அது தரை. ரேடாரிலிருந்து ஒரே திசையில் நேர்க்கோடாக நீளும் கீற்று வேறு ஏதோ ஒரு கருவியின் குறுக்கீடாகவோ, உதய, அத்தமன நேரத்துச் சூரியனாகவோ இருக்கும்.

எக்ஸ் பேண்ட் படத்தில் எதிர்மாறான குறை ஒன்று உண்டு. குறுகிய அலை கனமழையில் உறிஞ்சப்படுவதால், வலுவான மேகத்துக்குப் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும். சில வேளை தெரியாமலே போகும். பள்ளிக்கரணைப் படத்தில் கனத்த மேகத்துக்கு அப்பால் ஆப்பு வடிவத்தில் வெற்றிடம் தெரிந்தால், துறைமுக ரேடாரின் படத்தோடு ஒப்பிடாமல் எதுவும் சொல்லாதீர்கள்.

காற்றுப் படம்: ரேடார் சொல்வது பாதிக் கதை

டாப்ளர் ரேடார் துளிகள் தன்னை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பதை மட்டுமே அளக்கும். குறுக்கே ஓடும் காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் அதன் கணக்கில் சுழியம். பெரும்பாலான வானிலை ரேடார்களில் எதிர்க்குறி எண்கள் நெருங்கி வருவதையும் நேர்க்குறி எண்கள் விலகிச் செல்வதையும் குறிக்கும். எந்த நிறம் எதற்கு என்பது ரேடாருக்கு ரேடார் மாறுவதால், நிறப்பட்டையைப் பார்த்து உறுதி செய்த பிறகே மேற்கொண்டு படியுங்கள். வேகம் பெரும்பாலும் வினாடிக்கு மீட்டரில் இருக்கும், 3.6ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர்.

இந்தப் பாதிக் கதையை முழுக் கதையாக்குவது சுழியக் கோடு. நெருங்கும் நிறமும் விலகும் நிறமும் சந்திக்கும் கோடு அது. அந்தக் கோட்டின் மேல் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, ரேடாரிலிருந்து அந்தப் புள்ளிக்கு மனத்தில் ஒரு நேர்க்கோடு இழுங்கள். அங்கே காற்று அந்த நேர்க்கோட்டுக்குச் செங்குத்தாக, நெருங்கும் நிறப் பக்கத்திலிருந்து விலகும் நிறப் பக்கத்துக்கு வீசுகிறது. மையத்துக்கு அருகில் உள்ள புள்ளி தாழ்வான காற்றையும், ஓரத்தில் உள்ள புள்ளி உயரத்துக் காற்றையும் சொல்லும். ஒரே படத்தில் காற்று உயரத்தோடு எப்படித் திரும்புகிறது என்பது இப்படிக் கைக்கு வந்துவிடுகிறது.

பருவமழைக் காலத்துச் சென்னைப் படம் ஒன்றைக் கற்பனை செய்வோம். மழை எல்லாத் திசைகளிலும் பரவியிருக்கிறது. மையத்தருகே சுழியக் கோடு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. அதற்குச் செங்குத்தான திசை வடகிழக்கு–தென்மேற்கு. நெருங்கும் நிறம் வடகிழக்கில் இருப்பதால், தாழ்வான காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. வெளியே போகப் போகக் கோடு வளைந்து வடக்கு–தெற்காக நிமிர்கிறது. ஆகவே இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் நேர் கிழக்குக் காற்று. மொத்தக் கோடும் ஆங்கில எஸ் எழுத்தைப் போலத் தோன்றும். காற்று உயரத்தோடு வலஞ்சுழியாகத் திரும்புகிறது என்பதன் அடையாளம் அது. எழுத்து இடவலமாகத் திரும்பிக் கிடந்தால் காற்றும் இடஞ்சுழியாகத் திரும்புகிறது. மேல்மட்டக் காற்று கிழக்கிலிருந்து நிலையாக வீசும் நாளில் கடல் மேகங்கள் உள்மாவட்டங்கள் வரை செல்லும் என்று எதிர்பார்க்கலாம். கீழே வடகிழக்கும் மேலே மேற்கும் என்று காற்று பிளந்திருந்தால், மேகங்கள் கரையோரத்திலேயே சிதைவதைப் பல முறை காண முடிகிறது.

கோடு வரைய முடியாத அளவுக்கு மழை அங்கங்கே சிதறியிருந்தால், விவிபி படத்தைப் பாருங்கள். அது ரேடாருக்கு மேலுள்ள காற்றை உயர வாரியாக, நேர வாரியாக அம்புக் குறிகளில் தரும். வாலில் அரைக் கோடு 5 நாட், முழுக் கோடு 10 நாட், முக்கோணக் கொடி 50 நாட். ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

வேகம் மடிந்து காட்டும் இடம்

ஒவ்வொரு ரேடாருக்கும் அளக்கக்கூடிய உச்ச வேகம் ஒன்று உண்டு. வினாடிக்கு 1000 ரேடியோ அலைத் துடிப்புகளை அனுப்பும் 10 சென்டிமீட்டர் ரேடாருக்கு அது வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். அதே துடிப்பு விகிதத்தில் எக்ஸ் பேண்ட் ரேடாருக்கு அது வினாடிக்கு 8 மீட்டர் அளவுதான். துடிப்புகளைக் கூட்டினால் வேக எல்லை உயரும், ஆனால் பார்க்கும் தூரம் குறையும்; 1000 துடிப்புகளில் குழப்பமின்றி எட்டும் தூரம் 150 கிலோமீட்டர். இரண்டு துடிப்பு விகிதங்களை மாற்றி மாற்றி அனுப்பி இந்த இக்கட்டைத் தளர்த்துவார்கள். ஆனாலும் புயலில் எல்லை மீறும்.

எல்லையைத் தாண்டிய வேகம் மறுமுனையிலிருந்து எண்ணப்படும். எல்லை 25 ஆக இருக்கும்போது, வினாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி வரும் காற்று, 17 மீட்டர் வேகத்தில் விலகிப் போவது போலப் படத்தில் தெரியும். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. உண்மையான சுழியக் கோட்டின் இரு பக்கமும் மெல்லிய வேகங்களே இருக்கும். நெருங்கும் பக்கத்தின் உச்ச நிறத்தை ஒட்டியே, இடையில் சுழியம் இல்லாமல், விலகும் பக்கத்தின் உச்ச நிறம் தொடங்கினால் அது மடிப்பு. அந்தத் திட்டுக்குள் இருக்கும் காற்று உண்மையில் மிகக் கடுமையானது. புயல் நேரத்தில் முதலில் தேட வேண்டியதும் இந்தத் திட்டைத்தான்.

புயலை வைத்துப் பார்த்தால்

வடகோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. ரேடாரில் நின்று புயலின் மையத்தை நோக்கினால் இடப்பக்கம் நெருங்கும் காற்றும் வலப்பக்கம் விலகும் காற்றும் இருக்கும். நடுவே சுழியக் கோடு மையத்தின் வழியாக ஓடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கிழக்கிலிருந்து சென்னையை நோக்கி வந்தது. மையம் நேர் கிழக்கே கடலில் இருக்கும் நிலையில், எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் கடலில் நெருங்கும் நிறமும், மாமல்லபுரம் பக்கத்துக் கடலில் விலகும் நிறமும் தெரிய வேண்டும். இந்த இரண்டு நிறங்களுக்கு நடுவே, மழைப் படத்தில் நிறமற்ற வட்டமாகப் புயலின் கண் அமையும்.

மையம் ரேடாரை நெருங்கும்போது ஒரு விபரீதம் நிகழும். புயல் ரேடாரின் தலைக்கு மேலேயே வந்துவிட்டால், சுற்றியடிக்கும் காற்று முழுவதும் கதிர்களுக்குக் குறுக்காக ஓடும். ரேடாரோ குறுக்குக் காற்றை அளக்காது. ஊரையே புரட்டும் காற்று அடிக்கும் வேளையில் காற்றுப் படம் அமைதியைக் காட்டக்கூடும். அந்த நேரத்தில் பக்கத்து ரேடாரைப் பாருங்கள். கண்ணின் அமைதியைக் கண்டு வெளியே வருவதும் உயிருக்கு ஆபத்து. மறுபாதி எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

காற்றை மட்டும் பார்த்து மழையை மறந்துவிடவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே. ஆனால் 3, 4 தேதிகளில் மூழ்கியது சென்னை. 2015 டிசம்பர் 1 அன்று புயலே இல்லை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. இரண்டிலும் பாடம் ஒன்றே. தனி மேகம் வேகமாக நகர்ந்தாலும், அது போன தடத்திலேயே அடுத்த மேகம், அதற்கடுத்த மேகம் என்று வந்துகொண்டிருந்தால் அவை வரிசையாகச் சேர்ந்த மழைப் பட்டை முழுவதும் ஓரிடத்தில் நிற்பதாகவே பொருள். படங்களை ஓட்டும்போது மேகத்தின் நகர்வையும் பட்டையின் நகர்வையும் தனித்தனியாகப் பாருங்கள். பட்டையின் நீட்டமும் மேகம் நகரும் திசையும் ஒரே கோட்டில் அமைந்தால், அந்தக் கோட்டின் கீழுள்ள ஊர்களுக்கே ஆபத்து அதிகம்.

கோடை மாலையில் தேட வேண்டியவை

ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்துக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால், மாலையில் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் எழும் இடிமேகங்கள் இரவுக்குள் சென்னையை நோக்கி வரும். பிற்பகலில் கரைக்கு இணையாக மிக மெல்லிய ஒரு கோடு மேற்கே நகர்வதைக் குறைந்த கோணப் படத்தில் சில நாள் பார்க்கலாம். அது கடற்காற்றின் முகப்பு. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே கொட்டி வில்லாகப் பரவுவதும் அதே போன்ற மெல்லிய கோடாகவே தெரியும். இந்த இரண்டு கோடுகளும் மோதும் இடத்தில் அரை மணி நேரத்துக்குள் புது மேகம் வெடித்தெழுவது வழக்கம். காற்றுப் படத்தில் ஒரே ஆரத்தின் மீது ரேடாருக்கு அருகில் நெருங்கும் நிறமும் அதற்கு அப்பால் விலகும் நிறமும் சிறு திட்டாக அமைந்தால், அங்கே காற்று மேலிருந்து கொட்டி இரு பக்கமும் விரிகிறது. மரம் விழும் காற்று அதுதான்.

மழை எப்போது வரும் என்று கணிக்க

பத்து நிமிட இடைவெளியில் வந்த நான்கு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேகத்தின் நிறச்செறிவான பகுதியின் முன் விளிம்பை, ரேடாரைச் சுற்றிப் படத்தில் வரைந்திருக்கும் தூர வட்டங்களின் துணையோடு, முதல் படத்திலும் நான்காவது படத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணியில் அது 12 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். உங்கள் ஊர் இன்னும் 16 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் 40 நிமிடம். படம் வந்து சேர்ந்த தாமதத்தை அதிலிருந்து கழியுங்கள். பிறகு மூன்றைச் சரிபாருங்கள்: நடுவிலுள்ள இரண்டு படங்களில் மேகம் வளர்ந்ததா, தேய்ந்ததா, பக்கவாட்டுப் பட்டையில் அதன் நிறம் தரை வரை இறங்கியிருக்கிறதா, விவிபியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்துக் காற்று அதே திசையில்தான் தள்ளுகிறதா. மூன்றும் ஒத்துப்போனால் ஒரு மணி நேரத்துக்கு உறுதியாகச் சொல்லலாம். ஒன்று மாறுபட்டாலும் அடுத்த படம் வரும் வரை காத்திருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் ரேடாரை நீட்டிக்க முயல வேண்டாம். இன்னும் பிறக்காத மேகம் அதில் தெரியாது. அதற்குச் செயற்கைக்கோள் படத்தையும் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையும் பாருங்கள்.